பழைய பிழையும் புதிய பொய்யும்

பிழை செய்தவனை மன்னிக்கலாம்; அதை மறைத்துப் பொய் எழுதியவனை நம்பலாமா? தன் இரகசியங்களையும் படைக்கலங்களையும் ஒருவனிடம் ஒப்படைக்குமுன் எந்த அரசும் எழுப்பும் வினா இதுவேயாம். கனகராயன்குளத்து உழவன் மகனுக்கும் இவ்வினா இன்று தூரத்துச் செய்தியன்று. கஞ்சாவும் ஐஸும் வன்னிக்குள் புகுந்துவிட்டன. உள்நாட்டிலோ கடல்கடந்தோ உத்தியோகம் தேடும் இளைஞன், “முன்னர் போதைப்பொருள் பாவித்ததுண்டா?” என்று விண்ணப்பம் கேட்குமிடத்தில் தயங்கி நிற்கின்றான். “இல்லை என்று எழுதிவிடு” என அறிவுரை கூறுவோர் பலர். அவ்வறிவுரை நஞ்சினும் கொடிது.

ஐக்கிய அமெரிக்காவை நோக்குக. பாதுகாப்பு அனுமதி கோருவோரை அங்கே 2017 முதல் நடைமுறையிலுள்ள 13 அளவுகோல்களால் அளக்கின்றனர். போதைப்பொருள் அவற்றுள் ஒன்று. நேர்மை தழுவிய நடத்தை வேறொன்று. எப்போது பாவித்தான், எத்தனை முறை பாவித்தான், கைவிட்டமைக்குச் சான்று என்ன என்று ஆராய்கின்றனர். பழைய கஞ்சாப் பாவனை மாத்திரமே முடிவைத் தீர்மானித்துவிடாதென 2021 இல் அந்நாட்டுப் புலனாய்வுத் தலைமை அறிவித்தது. ஆயின், வேண்டுமென்றே எழுதும் பொய் தனிக் குறையாகும். தண்டனைக்குரிய குற்றமும் ஆகலாம். பிறர் கண்டுபிடிக்குமுன் தானே முன்வந்து திருத்தினால் அது அவனுக்குச் சாதகமாகக் கொள்ளப்படும்.

பொய்க்கு ஏன் இத்துணைக் கடுமை? மறைத்ததை அறிந்த மூன்றாமவன் அவனை மிரட்டிப் பணியவைக்கலாம் அன்றோ? குளக்கட்டின் கசிவை உடனே சொன்னால் மண்வெட்டியால் அடைக்கலாம்; மறைத்தால் மாரியிலே கட்டே உடையும். இதை உழவருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

எனினும் உண்மை பேசும் கடமை குடிமகனுக்கு மட்டுமோ? போதைப்பொருளைப் பற்றியதன்றாயினும், குற்றவழக்கை மறைத்து அரசுப் பணிக்கு விண்ணப்பித்தோர் குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 2016 இல் அவதார் சிங் வழக்கில் நெறி வகுத்தது. கேட்கப்படாததைச் சொல்லவில்லையென ஒருவனைத் தண்டித்தலாகாது. இளமையின் சிறு பிழையை மறைத்திருப்பின் அதைப் பொறுக்கவும் இடமுண்டு. அதே வேளை, உண்மை சொன்னவனது தகுதியையும் அதிகாரி ஆராயலாம் என்றது அத்தீர்ப்பு.

நம் நாட்டிலும் இந்நெறி வேண்டும். கேள்வி தெளிவாக இருக்கட்டும். அளவுகோல் எழுத்தில் வெளியாகட்டும். திருந்தியவனுக்குக் கால எல்லை வகுக்கப்படட்டும். மறுப்பதாயின் காரணம் கூறப்படட்டும். 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்து 35 ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவன் முடிவின் காரணத்தை எழுத்திற் கேட்க வழி தருகின்றது. சமத்துவ உரிமை மீறப்பட்டதாயின், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். “தேசிய பாதுகாப்பு” என்னும் சொல், தமிழ் இளைஞனை வாயிலிலேயே தடுக்கும் தாழ்ப்பாளாகிவிடலாகாது.

இளைஞனே! கேட்டதற்கு உண்மையை எழுது. ஐயமிருப்பின் கையொப்பமிடுமுன் சட்டத்தரணியைக் கலந்துகொள். அரசே! உண்மை சொன்னவனைத் தண்டித்துப் பொய்யனை வளர்க்காதே!