ஆற்றின் வரிசையில் ஒரு திரை

குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஒகேனக்கல்லில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தண்ணி எவ்வளவு வருது?" பரிசல் ஓட்டுகிறவர், மீன் வறுத்து விற்கிறவர், விடுதி நடத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அருவிக்கு வரலாம் என்றிருக்கும் சேலத்துக்காரர் என்று எல்லோருக்கும் அந்த எண் வேண்டும். நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். பலருடைய அன்றாடப் பிழைப்பே அந்த எண்ணைப் பொறுத்தது.

ஆனால் அதற்கான பதில் ஒரே இடத்தில் கிடைக்காது. மேலே மாண்டியா மாவட்டத்தில் கிருஷ்ணராஜ சாகர், மைசூரு மாவட்டத்தில் கபினி என்று இரண்டு அணைகள். கபினி ஆறு தி.நரசிபுரத்தில் காவிரியோடு சேர்கிறது. இன்னும் கீழே, மேகதாதுவுக்கு அருகில் அர்க்காவதி கலக்கிறது. எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் ஆற்றின் ஓட்டத்தை அளக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பின்படி கர்நாடகம் தர வேண்டிய 177.25 டி.எம்.சி. தண்ணீருக்கும் இதுதான் கணக்கிடும் இடம். ஒகேனக்கல்லைத் தாண்டினால் மேட்டூர். இரண்டு அணைகளின் வெளியேற்றம், எல்லையில் ஓட்டம், மேட்டூருக்கு வரத்து ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய நிலையும் நாளைய நிலையும் பிடிபடும். நான்கும் இணையத்தில் தெரிந்துகொள்ளக்கூடியவைதான். ஆனால் வெவ்வேறு துறைகள், வெவ்வேறு பக்கங்கள்.

இவற்றைக் கணினியில் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். ஒரு பக்கத்தைத் திரை முழுக்க விரிக்கிறார்கள். எண்ணை மனத்தில் வாங்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள். மூன்றாவதற்குப் போவதற்குள் முதல் எண் மறந்துவிடுகிறது, திரும்பி வருகிறார்கள். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்கிறார்கள். திரை சுமக்க வேண்டிய சுமையை இங்கே மனித நினைவு சுமக்கிறது. சாளரங்களைப் பக்கம் பக்கமாக வைக்கத் தெரிந்தால் இந்தச் சுமை இறங்கிவிடும். திரையை அழகாக வைத்துக்கொள்வதற்கான வித்தை என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஒப்பிட வேண்டியவற்றைக் கண்ணுக்கு முன்னால் ஒருசேர நிறுத்துவதுதான் இதன் பயன்.

கணினித் திரையில் சாளரங்களை வைக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கவிடுவது முதல் முறை. மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும்; தேவையானதைச் சொடுக்கினால் அது மேலே வரும். தரையில் டைல்ஸ் பதித்ததுபோல, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் திரை முழுவதையும் பங்கிட்டுக் கொடுப்பது இரண்டாவது முறை. இரண்டும் பழையவைதான். 1970களில் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் கே குழுவினர் முதல் முறையை வளர்த்தெடுத்தார்கள். அதே நிறுவனம் 1981இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் கணினியிலோ சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காதபடி வைக்கப்பட்டன. 1984இல் வந்த ஆப்பிள் மெக்கின்டோஷ் முதல் முறையை எடுத்துக்கொண்டது. 1985 நவம்பரில் வெளிவந்த விண்டோஸின் முதல் பதிப்பு திரையைப் பங்கிட்டுத்தான் கொடுத்தது. 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் மாறிக்கொண்டது. அன்றைய திரைகள் மிகச் சிறியவை. 640 × 350 புள்ளிகள் கொண்ட திரையை நான்காகப் பிரித்தால் எந்தப் பங்கிலும் உருப்படியாக எதையும் படிக்க முடியாது.

எது மேல் என்ற கேள்வியை அப்போதே சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜெராக்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த சாரா பிளை, ஜாரெட் ரோசன்பர்க் இருவரும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உள்ளடக்கம் பங்குக்குள் அடங்கி, சாளரங்களை அதிகம் நகர்த்த வேண்டியிராத வேலைகளைப் பக்கம் பக்கமாக வைத்தவர்கள் விரைவாக முடித்தார்கள். அடிக்கடி நகர்த்தவும் அளவு மாற்றவும் வேண்டிய வேலைகளில், பழகிய கைகளுக்கு ஒன்றின் மேல் ஒன்று வைக்கும் முறையே உதவியது. எனவே எல்லா வேலைக்கும் ஒரே முறை என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. வேலையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரைகள் அகலமான பிறகு பங்கிடும் முறை திரும்பி வந்தது. 2009இல் விண்டோஸ் 7, சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் சரிபாதியில் ஒட்டிக்கொள்ளும் வசதியைத் தந்தது. 2015இல் விண்டோஸ் 10 அதைக் கால் பங்குக்கும் நீட்டியது. 2021இல் விண்டோஸ் 11 பலவகைப் பங்கீடுகளைப் படமாகவே காட்டத் தொடங்கியது. ஆப்பிளின் மேக் கணினியிலும் 2024இல் வந்த செக்கோயா பதிப்பு முதல் ஓரத்துக்கு இழுத்தே பங்கிடலாம். லினக்ஸ் பக்கம் ஐ3, எக்ஸ்மொனாட் போன்ற மென்பொருள்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சாளரம் திறந்தவுடன் கேட்காமலே திரையைப் பங்கிட்டுவிடுகின்றன. நாள் முழுக்க விசைப்பலகையிலேயே வேலை செய்கிறவர்களுக்கு அவை பொருந்தும். மற்றவர்களுக்குக் கணினியோடு வந்த வசதியே போதும்.

செய்முறை மிக எளிது. பார்க்க வேண்டிய சாளரத்தைச் சொடுக்கிவிட்டு, விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு இடது அம்புக்குறியைத் தட்டினால் அது இடப்பாதியில் ஒட்டிக்கொள்ளும். வலது அம்புக்குறி என்றால் வலப்பாதி. பாதியில் இருக்கும்போது மேல் அம்புக்குறியைத் தட்டினால் மேல் கால் பங்கு. கீழ் அம்புக்குறிக்குக் கீழ்க் கால் பங்கு. விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையோடு 'இசட்' எழுத்தை அழுத்தினால் பங்கீட்டுப் படங்கள் வரும். இரண்டு சாளரங்களுக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பிடித்து இழுத்தால் ஒன்று அகலமாகி மற்றது குறுகும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உலாவியில் நான்கு பக்கங்களை நான்கு டேப்களில் திறந்து வைத்துவிட்டு, 'பாதியாகப் பிரித்தேன், ஒன்றுதான் தெரிகிறது' என்பார்கள். ஒரு சாளரத்துக்குள் எத்தனை டேப் இருந்தாலும் கணினியின் கணக்கில் அது ஒரே சாளரம்தான். வேண்டிய டேப்பின் தலைப்பைப் பிடித்துக் கீழே இழுத்து வெளியே விட்டால் அது தனிச் சாளரமாகிவிடும். அதன் பிறகு அதை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். இந்த ஒன்று தெரியாததாலேயே வசதி வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர்.

இனிக் காவிரிக்கு வருவோம். நான்கு பக்கங்களையும் தோன்றியபடி வைக்காமல் ஆற்றின் வரிசையிலேயே வைக்கலாம். இடப்பக்கம் மேலே கிருஷ்ணராஜ சாகர், கீழே கபினி. வலப்பக்கம் மேலே பிலிகுண்டுலு, கீழே மேட்டூர். தண்ணீர் ஓடும் திசையிலேயே கண்ணும் ஓடும். எடுத்துக்காட்டுக்கு, ஓர் அணையில் 20,000 கன அடியும் இன்னொன்றில் 10,000 கன அடியும் திறந்திருக்கிறார்கள், பிலிகுண்டுலுவில் 12,000தான் ஓடுகிறது என்றால், மீதி வழியில் வந்துகொண்டிருக்கலாம் என்று பார்த்தவுடனே தோன்றும். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டும்போது இது அவ்வளவு எளிதில் தோன்றாது.

திரையின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம்மிடையே பரவலாக இருக்கும் மடிக்கணினிகளில் 1366 × 768 புள்ளிகள். அதில் பாதி 683 புள்ளி அகலம், படிக்கப் போதும். கால் பங்கு 683 × 384; பக்கத்தின் தலைப்புப் பட்டையே பாதி இடத்தைத் தின்றுவிடும். கண்ட்ரோல் விசையோடு கழித்தல் குறியைத் தட்டி எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் அணைகளை இடப்பாதியில் இரண்டு டேப்களாகவும், பிலிகுண்டுலுவையும் மேட்டூரையும் வலப்பாதியில் இரண்டு டேப்களாகவும் வைத்து இரண்டிரண்டாகப் பார்ப்பதே மேல்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டதாலேயே எண்கள் ஒப்பிடத் தக்கவை ஆகிவிடா. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே திரையில் தெரிபவை எல்லாம் ஒரே நேரத்தவை என்று கண் நம்பிவிடும். ஒன்று காலை 8 மணி நிலவரமாக இருக்கலாம். மற்றது நேற்று மாலையுடையதாக இருக்கலாம். எல்லாப் பக்கங்களும் தாமாகவே புதுப்பித்துக்கொள்வதில்லை. எஃப்5 விசையைத் தட்டிவிட்டு எண்ணுக்குமுன் தேதியையும் நேரத்தையும் பார்க்க வேண்டும். அணையில் திறந்த தண்ணீர் எல்லைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும் என்பதால், இன்றைய வெளியேற்றத்தை இன்றைய ஓட்டத்தோடு நேருக்கு நேர் வைத்துக் குறை சொல்லவும் கூடாது. அளவைகளும் ஏமாற்றும். கிருஷ்ணராஜ சாகரின் முழு அளவு 124.80 அடி, மேட்டூருக்கு 120 அடி. பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். கொள்ளளவோ முதலாவதற்கு 49.45 டி.எம்.சி., மேட்டூருக்கு 93.47 டி.எம்.சி. கபினியின் 2,284 அடி கடல்மட்டத்திலிருந்து எண்ணுவது. ஆகவே அடியை அடியோடு ஒப்பிடாமல் கன அடியைக் கன அடியோடு ஒப்பிட வேண்டும்.

இதே பழக்கம் உதவும் வேறு வேலைகள் ஏராளம். பென்னாகரம் போன்ற ஊர்களில் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் நிரப்புகிறவர், ஒரு பாதியில் ஆதாரின் நகலையும் மறுபாதியில் படிவத்தையும் வைத்துக்கொண்டால் பெயரின் முதலெழுத்தும் பிறந்த தேதியும் பிசகாது. நிலம் வாங்குகிறவர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தால் சர்வே எண்ணும் உட்பிரிவும் பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்பது தெரிந்துவிடும். சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை என்றால் அதைத் திருத்த அலைகிறவர் விண்ணப்பம் கொடுத்த ஏழைதான். அதனால் இது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

பிரிக்கக் கூடாத வேலைகளும் உண்டு. நீண்ட கட்டுரையைப் படிக்கும்போதும் கவனமாக எழுதும்போதும் ஒரு சாளரம் திரை முழுக்க இருப்பதே நல்லது. பக்கத்தில் மின்னும் இன்னொன்று கவனத்தைக் கலைக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகள் இருந்தால் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், 'டி' மூன்றையும் சேர்த்து அழுத்தி இன்னொரு மேசைத்திரையைத் திறந்துகொள்ளலாம். நீர்வரத்து ஒன்றில், விடுதிக் கணக்கு மற்றொன்றில். விண்டோஸ் விசை, கண்ட்ரோல் இரண்டோடும் இடது, வலது அம்புக்குறிகளைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகலாம். கணினி இல்லாதவர்களும் கைவிடப்படவில்லை. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் கைபேசித் திரையையும் இரண்டாகப் பிரிக்கலாம். எண்களை நம்பிப் பிழைக்கிற பரிசல்காரருக்கு அதுவே போதும்.

கணினிப் பயிற்சி என்றாலே கடிதம் தட்டுவதும் அட்டவணை போடுவதும்தான் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியாகக் கற்பிக்கிறோம்; அவற்றை ஒரே திரையில் சேர்த்து வேலை வாங்குவதை அவரவர் தற்செயலாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேப்களிலும், தட்டச்சுப் பயிலகங்களின் கணினி வகுப்புகளிலும், இ-சேவை ஊழியர்களுக்கான பயிற்சியிலும் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். புதுக் கணினியோ இரண்டாவது திரையோ வாங்க வேண்டியதில்லை. வசதி ஏற்கெனவே ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. ஒப்பிட வேண்டியதைப் பக்கத்தில் வை, படிக்க வேண்டியதை முழுதாக விரி, சம்பந்தமில்லாததை வேறு திரைக்கு அனுப்பு. இந்த மூன்றையும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தால், பொதுவில் கிடைக்கிற எண்களைச் சரியாகப் படித்துத் தாமே முடிவெடுக்கிறவர்கள் நம் ஊர்களில் பெருகுவார்கள்.