வணிகர் வாயில் வல்லாண்மை!

பொருளைக் கொடுத்து விலையை வாங்குவதோடு வணிகன் வேலை முடிந்தது. வாங்க வந்தோரிடம் அவன் அரசியல் பேசலாகாது என்பர் ஒரு சாரார். அவனும் குடிமகன்தானே, அவன் வாயை அடைப்பானேன் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். அரசியல் என்று அறியப்படாமலே பேசப்படும் அரசியல்தான் கடைவாயிலில் மிகுதி என்பதே அது.

2021ஆம் ஆண்டு அக்தோபரில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க. தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் சொமேட்டோ என்னும் உணவு வழங்கும் நிறுவனத்தின் வழியாக உணவு கேட்டிருந்தார். வந்த உணவில் ஒன்று குறைந்திருந்தது. அதற்குரிய பணத்தைத் திருப்பிக் கேட்டார். உணவகத்தாரோடு பேச மொழி தடையாயிருக்கிறது என்று விடை வந்தது. தமிழ்நாட்டில் தொழில் நடத்துவோர் தமிழ் அறிந்தவரையன்றோ அமர்த்த வேண்டும் என்றார் அவர். இந்தி நாட்டுமொழி, எல்லாரும் அதைச் சிறிதேனும் அறிந்திருக்க வேண்டும் என்று அறிவுரை கூறிற்று நிறுவனத்தின் உதவிப் பிரிவு!

கேட்டது காசு, கிடைத்தது கட்டளை. அக்கட்டளையும் பொய்யின் மேல் எழுந்தது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றிய அரசின் ஆட்சிமொழி என்கிறதேயன்றி, நாட்டுமொழி என்று எந்த மொழியையும் அச்சட்டம் கூறவில்லை. 1965இல் தமிழ்நாட்டு மாணவர் உயிரைப் பொருட்படுத்தாது எதிர்த்துநின்ற ஒரு கொள்கையை, அரை நூற்றாண்டு கடந்தபின், சோறு விற்போர் நாடறிந்த உண்மைபோல் நவில்கின்றனர். இஃது அரசியல் அன்றி வேறென்ன?

எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டது. அப்பணியாளரை நீக்கிவிட்டதாகவும் அறிவித்தது. பின்னர் நிறுவனத் தலைவரே அந்நீக்கத்தைத் திரும்பப் பெற்றார். பணியாளரை மீண்டும் அமர்த்தியது முறையே. இளம்பணியாளர் ஒருவரின் வயிற்றில் அடிப்பதால் தமிழுக்கு ஆவது ஒன்றுமில்லை. அவர் பள்ளியிலும் தெருவிலும் கேட்டதைத் திருப்பிச் சொன்னார். ஆனால், அறியாமையால் நேர்ந்த பிழை நாடளாவிய சிக்கலாகிவிட்டதே என்று தலைவர் வியந்ததுதான் பொருந்தாது. தம் பணியாளர் மொழியிலும் வட்டார உணர்விலும் வல்லுநர் அல்லர் என்றார் அவர். தமிழன் தன் மண்ணில் தன் மொழியில் பேச விழைந்தால் அது வட்டார உணர்வாம்! இந்தியை எல்லாரும் அறிக என்பது மட்டும் உணர்வன்று, இயல்பாம்! வல்லாண்மை என்றும் தனக்கு அரசியல் என்று பெயரிட்டுக் கொள்வதில்லை. இயல்பு என்றே பெயரிட்டுக் கொள்கிறது.

அவ்வாறாயின் வணிகர் வாய்திறக்கவே கூடாதோ? அன்று. 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் பெயரே அரசியல். ஏறிய ஒவ்வொருவரும் எதற்காக ஏறுகிறோம் என்று அறிந்தே ஏறினர். எதிர்த்த ஆங்கிலக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது; காசின்றி ஏற்றிச் செல்வதாகவும் குடை தருவதாகவும் கூட ஆசை காட்டிற்று. சிதம்பரனார் 1908இல் இரட்டை வாழ்நாள் தண்டனை பெற்றார். 1912இல் அவர் சிறையிலிருந்து வெளிவந்தபோது நிறுவனம் கலைந்து போயிருந்தது. அவர் தம் கொள்கையை வெளிப்படையாகக் கூறினார். அதற்குரிய விலையைத் தாமே கொடுத்தார். வாங்குவோர் தலையில் அவ்விலையை ஏற்றவில்லை.

வேறுபாடு இங்கேதான் உள்ளது. கொள்கையை வாயிற்பலகையில் எழுதி, ஊதியமாயினும் இழப்பாயினும் ஏற்பவன் நேர்மையான வணிகன். தன்னிடம் சிக்கிய பணத்தைத் திருப்பித் தரும் வேளையில், வாங்குவோன் மீது தன் கொள்கையைத் திணிப்பவன் நேர்மையற்றவன். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடிய பட்டினப்பாலை, கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காமலும் நடுவுநிலை பிறழாதவர் என்று அவரைப் போற்றும். பணத்தோடு பணிவையும் சேர்த்துக் கேட்பது மிகை கொள்வதே.

தமிழில் பேசு என்று தமிழன் கேட்பதும் அரசியல்தானே என வினவுவாருண்டு. தமிழ்நாட்டில் கடைவிரித்துத் தமிழர் காசைப் பெறுவோன், அவர் குறையைக் கேட்டறியும் மொழியை அறிந்திருத்தல் தொழிற்கடமை. எடைக்கல் இல்லாதவன் கடைவைக்கலாகாது. மொழி தெரியாதவன் குறைகேட்க அமரலாகாது. தமிழர் கேட்டது இவ்வளவே. இந்தியாளர் எவரையும் தமிழ் கற்கச் சொல்லி அவர் ஊருக்குச் சென்று எவரும் கேட்கவில்லை.

தமிழ் வணிகரும் இதில் தூய்மையர் அல்லர். பிறமொழிப் பெயரைத் தமிழெழுத்தில் எழுதி மாட்டும் பலகையும் ஓர் அரசியல் அறிக்கையே. தமிழ் தாழ்ந்தது என்பதே அதன் பொருள். அயலான் வாயால் சொன்னதை இவர் பலகையால் சொல்கின்றனர்.

தமிழ்மக்களே! கடையில் தமிழில் கேளுங்கள். பட்டியலைத் தமிழில் கேளுங்கள். குறையையும் தமிழிலேயே கூறுங்கள். எதிரே நிற்கும் ஏழைப் பணியாளரைச் சினவாதீர்; அவரை அங்கே நிறுத்திய முதலாளியை வினவுங்கள். கையில் காசுள்ளவன் கேட்கும் மொழியை வணிகன் கற்றே தீருவான். கேட்கத் தயங்கும் நாவே வல்லாண்மைக்கு வாயிலாகிறது.