நரம்புக் கலம் கம்பியன்று

நரம்புக் கலத்தை மாறாப் பண்புடைய மின்கம்பிக்கு ஒப்பிடுவோர் இன்னும் உளர். ஹொட்ச்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணவாயின் பெருநரம்பிழைக்கு வகுத்த எண்களே அவர்தம் வேதம். குற்றம் வகுத்தோர்மீதன்று, ஓதுவோர்மீதே.

1994இல் துரிஜியானோ, அபொட், மார்டர் ஆகியோர் சிங்க இறாலின் இரைப்பை நரம்புக் கலங்களைத் தனியே பிரித்து வளர்த்தனர். இணைப்பிழந்த கலங்கள் தம் துடிப்பு முறையை இழந்தன. சில நாள்களில் அயன் கால்வாய்களின் கடத்துதிறனை மாற்றித் தொகுதி தொகுதியாக மீண்டும் துடித்தன. கம்பி இவ்வாறு செய்யுமா? கால்வாய்ப் புரதங்கள் அழிந்து புதிதாகுபவை. கலமோ நெடிது வாழ்வது. உட்புகும் கல்சியத்தால் தன் செயற்பாட்டை உணர்ந்து கலம் அவற்றைக் கூட்டிக் குறைக்கிறது என்பதே பொருந்தும் விளக்கம்.

ஆயினும் பல கலங்களை அளந்து, சராசரியெடுத்து, அதனையே இயல்பான கலம் என்கின்றனர். அவ்வெண்களாற் கட்டிய கலம் அவ்வாறு துடிக்காமலே போகலாம் என்பதைக் கணினி மாதிரிகள் 2002இலேயே காட்டிவிட்டன.