இரண்டு தேன் திருடர்கள்

பருந்தைக் கண்டால் அண்ணாந்து பார்க்கிறோம். விட்டில் பூச்சியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுகிறோம். இது நியாயந்தானா என்று வாசகிகளைக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் ஒப்பிட எடுத்துக்கொண்டவை தேன் பருந்தும், மண்டையோட்டு அந்துப்பூச்சியும். முன்னது மேற்கு மலைக் காடுகளில் திரியும் பறவை. பின்னது எள், கத்தரிச் செடிகளில் வாலில் கொம்புள்ள பெரிய பச்சைப் புழுவாக வளர்ந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி வெளிவருவது. இவற்றுக்குள் என்ன ஒற்றுமை? இரண்டும் தேன்கூட்டில் கைவைப்பவை!

பருந்து பட்டப்பகலில் வந்து, அடையையே பிய்த்துத் தேனீக்களின் புழுக்களைத் தின்கிறது. கொட்டினாலும் தாங்கும்படி அதன் முகத்தில் செதில் போன்ற இறகுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. அந்துப்பூச்சியோ இரவில் கூட்டுக்குள் நுழைகிறது. அதன் குட்டையான, தடித்த உறிஞ்சுகுழல் மெழுகு மூடியைத் துளைத்துத் தேனைக் குடிக்கும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் எப்படி விட்டுவைக்கின்றன? இதன் ஐரோப்பிய இனத்தின் உடலில் தேனீயின் வாசனைப் பொருள்களே இருப்பதை 1991-ஆம் ஆண்டு அறிஞர்கள் கண்டறிந்தனர். என்னைக் கேட்டால், கெட்டிக்காரத் திருடன் பூச்சிதான். அது தேனோடு போய்விடுகிறது. பருந்து குஞ்சுகளையும் அல்லவா விழுங்குகிறது!

ஆனால் அடி விழுவது பூச்சிக்கு. அதன் முதுகில் மண்டையோடு போல ஒரு குறி இருப்பதுதான் காரணம். வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்கிறார்கள். 1758-ல் லின்னேயஸ் ஐரோப்பிய இனத்துக்கு, உயிர்நூலை அறுக்கும் கிரேக்கத் தேவதையான அட்ரோபாஸின் பெயரை வைத்தார். நம் நாட்டு இனம் ஒன்றுக்குப் பாதாள நதியான ஸ்டிக்ஸின் பெயர். படித்தவர்களே இப்படிச் செய்தால், பாட்டிமாரை மட்டும் குறை சொல்வானேன்? பறவைக்குக் கிடைத்த மரியாதையோ வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சன்னதியில் ரங்கமன்னார் அருகிலேயே கருடனுக்கும் இடம் உண்டு.

“எள்ளைத் தின்னும் புழுவுக்கா வக்காலத்து?” என்று விவசாயம் செய்யும் தந்தையர் கேட்கலாம். வயலில் புழுவைக் கையால் பொறுக்கி அழிக்கட்டும். கோடை உழவு செய்தால் மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்கள் மேலே வந்து பறவைகளுக்கு இரையாகும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளக்கடியில் வந்து அமரும் பூச்சிக்குக் கடிக்கப் பல்லும் இல்லை, கொட்டக் கொடுக்கும் இல்லை. ஒரு காகிதத்தில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடலாம். தொட்டால் எலிபோலக் கீச்சிடும்; குழல் வழியே காற்றைத் தள்ளுவதால் வரும் ஓசைதான் அது.