பயிற்றுவிக்கப் பயிலுதல்

எங்கள் தெருவை ஒட்டிய திடலில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பதினைந்து சிறுவர்கள் வாலிபால் ஆடுகிறார்கள். சென்ற ஆண்டு அவர்களில் ஒருவனுடைய தந்தை வீடு தேடி வந்தார். "நீங்க காலேஜ் டீம்ல ஆடினவராச்சே சார், பசங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்" என்றார். ஆடத் தெரிந்தவனுக்குச் சொல்லித்தரவும் தெரியும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கை மூன்று வாரம் நீடித்தது. அண்டர்ஹேண்ட் பாஸ் எடுப்பது எப்படி என்று ஒரு சிறுவன் கேட்டபோது எடுத்துக் காட்டினேன். "இப்படி" என்றேன். அவனுக்கு வரவில்லை. மறுபடியும் "இப்படி" என்றேன். முப்பது ஆண்டுகளாக என் உடம்புக்குத் தெரிந்திருந்ததைச் சொல்வதற்கு என்னிடம் அந்த ஒரு சொல்லே இருந்தது. நான்காவது வாரம் அதே சிறுவன் பந்தைத் தவறவிட்டபோது எனக்குள்ளிருந்து ஒரு வசை புறப்பட்டு வந்தது. சொன்ன பிறகுதான் உணர்ந்தேன், அது என் குரல் அல்ல. என் பள்ளிநாட்களில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவருடைய குரல்.

அவர் கொடியவர் அல்லர். மாலைதோறும் சம்பளமில்லாமல் எங்களோடு நின்றவர். ஆனால் ஆட்டம் முடியும்வரை தண்ணீர் குடிக்க விடமாட்டார். குடித்தால் வயிறு கனக்கும், மூச்சு வாங்கும் என்பார். சித்திரை வெயிலில் ஒரு நாள் என் நண்பன் சுருண்டு விழுந்தான். அணியிலேயே உயரமானவன், நன்றாகக் குதிப்பவன். அதன்பின் அவன் திடலுக்கு வரவில்லை. "தாங்காதவன்" என்று அவனைப் பற்றி ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதப்பட்டது. நாங்களும் அதை நம்பினோம். வெயிலில் ஓடும் உடம்பு வியர்வையில் இழந்த நீரை உடனுக்குடன் ஈடுசெய்தாக வேண்டும் என்பது எந்தத் தொடக்கநிலைப் பயிற்றுநர் பாடத்திலும் இருக்கிறது. அவர் அதைப் படித்ததில்லை. அவருடைய ஆசான் அவருக்குத் தந்ததை எங்களுக்குத் தந்தார். நானும் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றத் தொடங்கியிருந்தேன்.

தமிழில் 'பயில்' என்பது தன்வினை, 'பயிற்று' பிறவினை. இந்தச் சிறிய இலக்கணப் பிரிவுக்குள் ஒரு பெரிய உண்மை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முன்னது கைவந்தால் பின்னது தானே வரும் என்பதற்கு மொழியில் உத்தரவாதம் ஏதுமில்லை. நாம் 'பயிற்சியாளர்' என்று பொதுவாகச் சொல்லி இரண்டையும் கலந்துவிடுகிறோம். 'பயிற்றுநர்' என்ற சொல்லே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

இந்திய அரசு பயிற்றுநர்களுக்கான விருதை 1985இல் தொடங்கியபோது அதற்குத் துரோணாச்சாரியார் பெயரைச் சூட்டியது. ஏகலைவனின் கட்டைவிரல் நினைவிருக்கும் எந்த வாசகருக்கும் இந்தப் பெயர் உறுத்தாமல் இராது. ஆனால் முதல் ஆண்டிலேயே அவ்விருதைப் பெற்றவர்களில் ஒருவர் ஓ. எம். நம்பியார் என்பது ஆறுதல். விமானப்படையில் பணியாற்றியவர், பிறகு பாட்டியாலாவில் பயிற்றுநர் கல்வி பெற்றவர். அங்கே பழைய மோதிபாக் அரண்மனையில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் இன்றும் உடற்கூறும் உடலியங்கியலும் உளவியலும் பயிற்சித் திட்டமிடலும் கற்பிக்கிறது. கண்ணூரில் பி. டி. உஷா என்ற மெலிந்த சிறுமியைக் கண்டெடுத்தவர் நம்பியார். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் தடையோட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. குறுவிரைவோட்டத்தில் பெயர் பெற்றிருந்த உஷாவை அதற்குத் திருப்பியது நம்பியாரின் முடிவு. நூறில் ஒரு விநாடியில் பதக்கம் தவறியதை நாம் இன்றும் சொல்லி வருந்துகிறோம். புதிய ஒரு போட்டிக்குள் ஓர் ஓட்டக்காரியை நான்காம் இடம்வரை கொண்டுசென்ற கணிப்பைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அது குருபக்தியில் விளைந்ததல்ல, கற்ற கல்வியில் விளைந்தது.

இவ்விஷயத்தில் என் எண்ணத்தை முற்றிலும் மாற்றியது ஓர் அமெரிக்க ஆய்வு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் கூடைப்பந்து அணி 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு பருவங்களில் பத்து முறை தேசிய வாகை சூடியது. பயிற்றுநர் ஜான் வுடன், அதற்குமுன் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்ற இரு உளவியலாளர்கள் 1974-75 பருவத்தில் அவருடைய பயிற்சி வேளைகளில் அமர்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் எண்ணினார்கள். 2,326 செயல்கள். ஊக்கமூட்டும் பேருரைகளை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஒன்றும் கிட்டவில்லை. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற செய்தி மட்டுமே. பாராட்டும் ஏறத்தாழ ஏழு விழுக்காடுதான், கண்டிப்பும் அவ்வளவுதான். தவறு நேர்ந்தால் சரியானதைச் செய்து காட்டுவார், அவர்கள் செய்த தவறைச் செய்து காட்டுவார், மீண்டும் சரியானதைக் காட்டுவார். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் காலுறையைச் சுருக்கமில்லாமல் அணிவது எப்படி என்பதிலிருந்து ஆரம்பிப்பாராம், சுருக்கம் கொப்புளமாகும் என்பதால். அன்றன்றைய பயிற்சியை நிமிடக் கணக்கில் சிறு அட்டைகளில் எழுதி வைத்துக்கொள்வார்.

கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் இதில் பாடமுண்டு. அது வேறு பேச்சு.

சான்றிதழ் இல்லாமலே நல்ல கபடிக்காரர்களை உருவாக்கிய கிராமத்து ஆசான்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களிடமிருந்து வெளிவந்தவர்களை மட்டுமே நாம் எண்ணுகிறோம். பாதியில் திரும்பிப் போனவர்களுக்குக் கணக்கில்லை. என் நண்பன் அந்தக் கணக்கில்லாதவர்களில் ஒருவன். சமையலுக்கு ஆள் வைப்பதற்கே பத்துப் பேரிடம் விசாரிக்கிற நாம், குழந்தையின் மூட்டையும் முதுகெலும்பையும் தன்னம்பிக்கையையும் ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அவர் ஒரு காலத்தில் மாவட்ட அணியில் ஆடியவர் என்பதோடு திருப்தியடைந்துவிடுகிறோம். சுமையைப் படிப்படியாகக் கூட்டவேண்டும், ஓய்விலும் உடல் வலுவடைகிறது, பன்னிரண்டு வயதுச் சிறுவனின் எலும்பு வளர்ந்தவனின் எலும்பல்ல என்பவை அறியப்படாத இரகசியங்கள் அல்ல. பாட்டியாலாவில் ஆறு வாரச் சான்றிதழ் வகுப்புகூட நடத்தப்படுகிறது. பள்ளித் திடலில் விசில் ஊத வருகிறவர் எவராயினும் அந்த அளவுக்காவது படித்திருக்கவேண்டும் என்று சட்டமே வந்தாலும் நான் வரவேற்பேன். உடற்கல்வி வகுப்பைக் கணக்கு ஆசிரியர் கடன் கேட்காதிருக்க இன்னொரு சட்டம் தேவைப்படும்.

நான் ஆறு வாரம் எங்கும் போகவில்லை. வயதும் விடுப்பும் இடங்கொடுக்கவில்லை. புத்தகங்களையும் ஒளிப்படங்களையும் வைத்துக்கொண்டு மெதுவாகக் கற்கிறேன். அண்டர்ஹேண்ட் பாஸில் நான் "இப்படி, இப்படி" என்று காட்டிக்கொண்டிருந்தது கைகளை. விஷயம் கால்களில் இருந்தது. பந்து வந்துசேருமுன் அதன் பின்னால் போய் நின்று முழங்காலை மடக்கினால், கை வெறும் பலகையாக இருந்தாலே போதும். இதைக் கண்டறிய எனக்கு ஐம்பது வயது தாண்டவேண்டியிருந்தது. அந்தச் சிறுவனிடம் சொன்னேன். அரைமணி நேரத்தில் பத்துக்கு ஆறு எடுத்தான்.

சென்ற ஞாயிறு, அட்டையில் எழுதியிருந்தபடி இருபதாவது நிமிடம் விசில் ஊதி எல்லோரையும் தண்ணீர்க் குடத்துக்கு அனுப்பினேன். தாகமில்லை, ஆட்டத்தை நிறுத்தாதீர்கள் சார் என்று இருவர் சண்டை பிடித்தார்கள்.