மிச்சமான பணம் யார் கையிலிருந்து வந்தது?



பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிறதோ இல்லையோ, எங்கள் வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பித்துவிடும். எந்த ஊருக்குப் போவது என்பது ஒரு நாளில் முடிந்துவிடும். எங்கே தங்குவது என்பதுதான் ஒரு வாரம் இழுக்கும். முன்பெல்லாம் இந்தக் கேள்வியே கிடையாது. சொந்தக்காரர் வீடு, இல்லாவிட்டால் லாட்ஜ். இப்போது செல்போனைத் தட்டினால் எந்த நகரத்திலும் மூன்று நாளைக்கு ஒரு முழு வீடே வாடகைக்குக் கிடைக்கிறது. ஹால், இரண்டு படுக்கை அறை, சமையலறை, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் உண்டு. ஓட்டலா, வாடகை வீடா? இரண்டையும் அனுபவித்துப் பார்த்தவள் என்ற முறையில் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

2023 மே மாதம் நாங்கள் ஐந்து பேர் மைசூருக்குக் கிளம்பினோம். நான், என் கணவர், மகள், மகன், மாமியார். ஐந்து பேருக்கு ஓட்டலில் ஒரு அறை போதாது. இரண்டு அறை, அறைக்கு 2,800 ரூபாய், மூன்று இரவுக்கு 16,800. அப்போதிருந்த 12 சதவீத வரியையும் சேர்த்தால் 18,816 ரூபாய். வாடகை வீடோ இரவுக்கு 4,000. சுத்தம் செய்யத் தனியாக 1,000. ஆக மொத்தம் 13,000. என் கணவர் டைரியில் கூட்டிக் கழித்துவிட்டு, "பாரு, கிட்டத்தட்ட ஆறாயிரம் மிச்சம். சமையலறை இருக்கு, சாப்பாட்டுச் செலவும் மிச்சம்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். 'சமையலறை இருக்கு' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

வீடு நல்ல வீடு. குறை சொல்ல மாட்டேன். காற்றோட்டமாக இருந்தது. பிள்ளைகள் ஓடியாட இடம் இருந்தது. மாமியாருக்குத் தனி அறை. ஆனால் முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கே நான் எழுந்து, முன்பின் தெரியாத தெருவில் நந்தினி பால் பாக்கெட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் குக்கருக்கு காஸ்கெட் சரியில்லை. தோசைக்கல் இல்லை. கத்தி தக்காளியை நசுக்குமே தவிர நறுக்காது. அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. குப்பையை ஈரம், உலர்ந்தது என்று பிரித்து வைக்கவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். 2016-ம் வருஷம் நாட்டிலேயே சுத்தமான நகரம் என்று முதலிடம் வாங்கிய ஊர் ஆயிற்றே! அந்த நல்ல பெயரைக் காப்பாற்றும் பொறுப்பும் எனக்கே வந்து சேர்ந்தது.

வேறு யாரையும் குற்றம் சொல்லவில்லை. யாரும் என்னைச் சமைக்கச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. பிள்ளைகள் "அம்மா பசிக்குது" என்றார்கள். மாமியாருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அப்புறம் என்ன? மூன்று நாளில் ஏழு வேளை அந்த வீட்டில் அடுப்பு மூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் சொல்லவேண்டும். மைசூர் அரண்மனையில் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கு போடுவார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள். பழைய அரண்மனை 1897-ல் தீப்பிடித்து அழிந்தபிறகு 1912-ல் கட்டி முடித்த அரண்மனை இது. பகலில் பார்த்தாலே கண் கொள்ளாது. அன்று காலையில் சாமுண்டி மலை, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாதம், சாம்பார். பாத்திரம் குவிந்து கிடந்தது. சாயங்காலம் எல்லாரும் கிளம்பும்போது மணி ஆறு. நாங்கள் இருந்த இடத்திலிருந்து அரண்மனை ஐந்து கிலோமீட்டர். திரும்பி வர எட்டரை ஆகும், வந்ததும் பசி என்பார்கள். "நீங்க போயிட்டு வாங்க, நான் சப்பாத்தி போட்டு வைக்கிறேன்" என்று நான்தான் சொன்னேன். கணவர் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடவில்லை.

ராத்திரி மகள் ஓடி வந்து, "அம்மா, டக்குனு ஒரே நேரத்துல எரிஞ்சுதும்மா! நீ பார்த்திருக்கணும்" என்றாள். அவள் செல்போனில் எடுத்த படத்தை, சப்பாத்தி மாவு ஒட்டிய கையால் தொடாமல், எட்டி நின்று பார்த்தேன். ஈரோட்டிலிருந்து மைசூர்வரை போய், விளக்கைப் படத்தில் பார்த்தேன்!

ஊருக்கு வந்ததும் என் கணவர் கணக்கு பார்த்தார். ஐந்து பேர் ஒரு ஆட்டோவில் போகமுடியாமல் இரண்டு ஆட்டோ பிடித்ததில் வண்டிக்கு மட்டும் 2,100 ரூபாய் போயிருந்தது. அதைக் கழித்தாலும் தங்குவதில் மூவாயிரத்து எழுநூறு, சாப்பாட்டில் ஏறக்குறைய நாலாயிரம், ஆக ஏழாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். மிச்சம் ஆனது உண்மைதான். ஆனால் அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? என் கையிலிருந்துதானே வந்தது! டைரியில் ஆட்டோவுக்கு ஒரு வரி இருந்தது, பாலுக்கு ஒரு வரி இருந்தது. ஏழு வேளைச் சமையலுக்கு வரியே இல்லை.

சரி, அப்படியானால் ஓட்டல்தான் உசத்தி என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். அதிலும் பட்டுவிட்டேன்.

2024 டிசம்பரில் அரைப்பரீட்சை லீவில் மறுபடியும் மைசூருக்கே போனோம். விளக்கைப் பார்க்காமல் விடுவதில்லை என்று நான் பிடித்த பிடிவாதம். இந்த முறை அரண்மனைக்குப் பக்கத்தில் ஓட்டல், இரண்டு அறை. முதல் நாள் காலை காபி கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. பழக்க தோஷம், படுக்கை விரிப்பை மடிக்கப் போனேன். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முன்பே அரண்மனை வாசலில் போய் நின்றோம். விளக்கு எரிந்ததும் கூட்டமே 'ஆ' என்றது. நானும்தான். என் கணவர் அரண்மனையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று மகள் பிறகு சொன்னாள்.

ஆனால் மறுநாள் ராத்திரி மாமியாருக்கு வயிறு சரியில்லை. பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் கஞ்சி வேண்டும். கீழே ஓட்டல் அடுப்பை அணைத்துவிட்டார்கள். அறையில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் மட்டும்தான். பிஸ்கட்டை வெந்நீரில் நனைத்துக் கொடுத்தேன். போன முறை திட்டிய அந்தச் சமையலறை அன்றைக்கு இருந்திருந்தால் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இதுபோக, துவைத்த துணியைக் காயப்போட நாற்காலி முதுகுதான் கொடி. பெரியவர்கள் ஒரு அறை, பிள்ளைகளோடு நாங்கள் ஒரு அறை என்று பிரிந்ததில் ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து பேசவே இடமில்லை. ராத்திரி ரயில் காலையிலேயே மைசூரில் இறக்கிவிட்டது. அறையோ பன்னிரண்டு மணிக்குத்தான். அதுவரை மூட்டை முடிச்சோடு வரவேற்பறையில் காத்திருந்தோம்.

ஆக, ஓட்டல் நல்லதா, வீடு நல்லதா என்ற கேள்வியே தப்பு என்பது என் கட்சி. யாருக்கு லீவு என்பதுதான் கேள்வி. ஒரு நாள், இரண்டு நாள் பயணம், பிள்ளைகள் வளர்ந்தவர்கள், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார்கள் என்றால் ஊருக்கு நடுவில் ஓட்டலே மேல். கைக்குழந்தை, பத்தியக்காரர்கள், நாலைந்து பேருக்கு மேல், நாலு நாளுக்கு மேல் என்றால் வீடு வசதி. ஆனால் வீடு என்றால், சமையலை யார் செய்வது என்பதையும் அறைவாடகை பேசும்போதே பேசிவிடவேண்டும். போய் இறங்கியபிறகு பேசினால், அது நம் தலையில்தான் விழும்.

பட்டு அறிந்த சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டலில் முன்பணம் கட்டும்முன், 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேளுங்கள். ராத்திரி ரயிலில் போகிறவர்களுக்கு இது முக்கியம். வெந்நீர் எத்தனை மணிவரை வரும், கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, காலைப் பலகாரம் வாடகையில் சேர்த்தியா என்றும் கேட்டுவிடுங்கள். வரியும் இப்போது குறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய்வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பழைய 12 சதவீதத்தை யாராவது போட்டால் பில்லைக் காட்டிக் கேளுங்கள்.

வீடு என்றால், காட்டும் வாடகையோடு சுத்தம் செய்யும் கட்டணம், முன்வைப்புத் தொகை எல்லாம் சேர்த்து மொத்தம் என்ன என்று பாருங்கள். பார்க்கப்போகும் இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, ஆட்டோ காசையும் வாடகையில் கூட்டுங்கள். அடுக்குமாடி வீடு என்றால், குடியிருப்போர் சங்கம் வெளியாட்களைத் தங்க அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் அனுமதிப்பதில்லை. வாசலில் காவலாளியோடு மல்லுக்கட்ட வேண்டாம். உள்ளே போனதும் முதல் வேலையாக உள்தாழ்ப்பாள், கேஸ் டியூப், பால்கனி கம்பி மூன்றையும் பாருங்கள். ராத்திரி அவசரம் என்றால் கூப்பிட ஒரு மனிதர் அருகில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டலில் வரவேற்பறையில் ஒருவராவது இருப்பார். வீட்டில் நாம்தான்.

இந்த வருஷம் லீவுக்கு ஹைதராபாத் போகலாம் என்று பேச்சு. மாமியாருக்காக வாடகை வீடுதான் என்று நானே சொன்னேன். ஆனால் நிபந்தனைகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். காலைப் பலகாரம் கடையில். மத்தியானம் எங்கே சுற்றுகிறோமோ அங்கே. ராத்திரி மட்டும் வீட்டில் ரசம் சாதம், அப்பளம். காய் நறுக்குவது மகள். பாத்திரம் கழுவுவது என் கணவர். குப்பை மகன். கடைசியாக ஒன்று: பார்க்கப் போனால் எல்லாரும் போவது, இல்லாவிட்டால் யாரும் போவதில்லை.

மாமியார் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தக் காலத்துல பழனிக்குப் போனாலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கிட்டுத்தான் போவோம் கண்ணு. சத்திரத்துல நான் சமைச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். உங்க மாமா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு மலையேறிட்டு வருவாரு. இறங்கி வந்ததும் எல்லாருக்கும் சோறு போடணும். மூணு தடவை பழனிக்குப் போய் ஒரு தடவைதான் சாமி பார்த்தேன்."

எனக்குப் பேச்சே வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு தடவைகூட அவர் இதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அத்தை பேனாவை வாங்கி, எல்லார் கையெழுத்துக்கும் மேலே தன் கையெழுத்தைப் போட்டார்.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தோழிகளே. நம்மைவிடச் சிக்கனம் தெரிந்தவர்கள் யார்? ஆனால் விடுமுறை என்று கிளம்பும்போது, மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் யார் கையிலிருந்து மிச்சமாகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். டைரியில் அதற்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பயணம் போன ஊரில் பார்க்காமல் விட்டு வந்தது என்ன? எனக்கு மட்டும்தான் இந்த அனுபவமா, உங்களுக்கும் உண்டா? எழுதுங்களேன்.

- ஓர் இல்லத்தரசி, ஈரோடு.