விதைநெல்லை அடுத்தவன் குதிரில் கொட்டலாமா?

நாலு வருஷம் முன்னாடி எங்க மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு விவசாய ஆப் வந்துச்சு. எந்தக் கழனியில் என்ன ரகம், என்னைக்கு நாத்து விட்டோம், குருத்துப்பூச்சி எந்த வாரம் தலைகாட்டுச்சு, போர்ல தண்ணி எத்தனை அடி இறங்குச்சு, எல்லாத்தையும் போன்ல பதியச் சொன்னாங்க. நானும் இன்னும் சில பேரும் ரெண்டு வருஷம் விடாம பதிஞ்சோம். ஒருநாள் காலையில் திறந்தா, சேவை நிறுத்தப்பட்டதுன்னு ஒரே ஒரு வரி. ரெண்டு சம்பா, ரெண்டு நவரை, ஒரு மல்லாட்டைப் பட்டம், மொத்தக் கணக்கும் போச்சு. பெரியப்பா எழுதி வச்ச பழைய நோட்டு மட்டும் பரண்மேல் இருக்கிறது. கரையான் அதில் ஓரத்தைத்தான் தின்றிருக்கிறது.

ஆப் போட்டவர்களைத் திட்ட இதை எழுதவில்லை. விதைநெல்லை அடுத்தவன் குதிரில் கொட்டும்போது, திரும்ப எடுக்க வழி இருக்கான்னு நான் கேட்கவே இல்லை. அது என் தப்பு. பெரிய ஆட்களே கடையை மூடியிருக்கிறார்கள். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடியது, கூகுள் பிளஸ் 2019-ல் மூடியது.

மறுபக்கம் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கியது. பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்த இலக்கியங்கள். எழுத்துரு மாறியது, டிஸ்கி வந்தது, யூனிகோடு வந்தது. நூல்கள் ஒவ்வொரு முறையும் புது உருவுக்கு மாறி, இன்றும் திறக்கின்றன. காரணம் எளிது. அவை வெறும் கோப்புகள். யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "மாமா, உங்களுக்கு ஆப்பும் வேணாம், டேட்டாபேஸும் வேணாம். எழுத்துக் கோப்பு போதும்"னான். வேலை இப்படித்தான் நடக்கிறது. என் பழைய லேப்டாப்பில் குறிப்பை மார்க்டவுன் கோப்பாக எழுதுகிறேன். ஹ்யூகோ என்ற இலவச மென்பொருள் அதைப் பக்கங்களாக மாற்றுகிறது. ரீசிங்க் என்ற ஒரு வரிக் கட்டளை, மாறிய கோப்புகளை மட்டும் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே டெபியன் லினக்ஸில் ஓடும் என்ஜின்எக்ஸ், கேட்டவருக்குப் பக்கத்தை எடுத்து நீட்டுகிறது. லாகின் பக்கம் கிடையாது, அதனால் திருடன் தட்டிப் பார்க்கக் கதவும் குறைவு. சர்வருக்குள் நுழைய பாஸ்வேர்டு இல்லாமல் சாவிக் கோப்பு வைத்திருக்கிறோம். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் குறுகிய காலத்தில் காலாவதியாகும். அது தானே புதுப்பித்துக்கொள்கிறது.

இடமும் அதிகம் வேண்டாம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். இந்தக் கட்டுரை அளவுக்கு எழுதினால் 15 கேபிக்குள் அடங்கும். இப்படி 200 எழுதினாலும், போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுதான்.

சர்வரை வீட்டிலேயே வைக்கலாமேன்னு நினைச்சேன். எங்க ஊர் கரண்டு அதுக்குத் தோதுப்படாது. வீட்டு இணைய இணைப்பிலும் பல வீட்டுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரிதான். அதனால் சின்ன சர்வர் ஒன்றை மாத வாடகைக்குப் பிடித்தோம். "அப்ப இதுவும் குத்தகைதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், குத்தகைதான். ஆனால் கோப்புகள் என் லேப்டாப்பில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒன்று, அக்கா மகனிடம் ஒன்று. நிலத்துக்காரன் போகச் சொன்னால் ஒரு சாயங்காலத்தில் வேறு இடத்தில் ஏற்றிவிடலாம். தளத்தின் பெயர் என் பேரில் பதிவானது. அது எந்த முகவரிக்குப் போகணும்னு மட்டும் மாற்றினால் போதும். அந்தப் பெயருக்கு வருஷா வருஷம் பணம் கட்ட மறந்தால் அதுவும் போகும். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

சர்வர் பார்த்துக்கொள்வது எல்லாருக்கும் முடியாது. பாதுகாப்பு அப்டேட்டை மாதக்கணக்கில் மறந்தால் ஆபத்து. அதற்கு நேரமில்லாதவர்கள் இதே கோப்புகளை கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச இடத்தில் வைக்கலாம், தப்பில்லை. மூலக்கோப்பு உங்கள் கையில் இருக்கணும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

நகரத்தில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஏதாவது செய்யணும்னு தோணினால், தயவுசெய்து இன்னொரு ஆப் கொண்டுவராதீர்கள். பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பை எடுத்துவாருங்கள். உங்க சித்தப்பாவோ மாமாவோ எழுதிய நோட்டு எங்காவது பரணில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத கையெழுத்தை அவர்களிடமே கேட்டுத் தட்டச்சு செய்யுங்கள். சர்வரை அப்புறம் பார்த்துக்கலாம். கரையானுக்கு அந்த அவகாசம் தேவையில்லை.

எங்க பெரியப்பா நோட்டில் இதுவரை நாற்பது பக்கம் ஏற்றியிருக்கிறேன். அவர் கையெழுத்தில் சில ரகத்தின் பெயர் எனக்குப் புரியவில்லை. கேட்க அவர் இல்லை.